கரையில் நின்ற பாட்டிகள்: மலாக்காவிலிருந்து பினாங்கு வரை

முதல் நாள், கோலாலம்பூர்

விமானத்தில் பொட்டுத் தூக்கமில்லை. காலை ஏழரை மணிக்கு அம்மாவும் நானும் பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாமாக் கடையில் உட்கார்ந்திருந்தோம். தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் சாப்பாட்டுக் கடைக்கு இங்கே அந்தப் பெயர். நம் ‘மாமா’தான் மலாய் நாக்கில் ‘மாமாக்’ ஆகியிருக்கிறார் என்கிறார்கள்.

அடுத்த மேசையில் ஒரே அலுவலகத்தின் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிய மூன்று பேர். மலாய்ப் பெண் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சீன இளைஞர் ரொட்டி சானாயைப் பிய்த்துப் பருப்பில் தோய்த்துக்கொண்டிருந்தார். தமிழர் முன்னால் நாசி லெமாக்: தேங்காய்ப்பாலில் வெந்த சோறு, நெத்திலி, வேர்க்கடலை, சம்பல். ஆளுக்கு ஒரு தட்டு, எதுவும் அவரவர் வீட்டுச் சமையல் இல்லை. தினமும் இங்கேதானா என்று தமிழரிடம் கேட்டேன். “ஆமாம் அக்கா. இவர் பன்றி இருக்கும் கடைக்கு வர முடியாது. நான் மாடு தொடமாட்டேன். அவருக்கு எதுவும் சரி. மூன்று பேரும் உட்காரக்கூடிய இடம் இது” என்றார். அதைச் சொல்வதில் அவருக்கு எந்தச் சங்கடமும் இல்லை. மழை வருமா என்று சொல்வதுபோலச் சொன்னார்.

மலேசியாவின் காலை உணவுப் பண்பாட்டை யுனெஸ்கோ 2024 டிசம்பரில் மனித குலத்தின் மரபுச் செல்வப் பட்டியலில் சேர்த்தது. நாசி லெமாக், ரொட்டி சானாய், தே தாரிக் என்ற ஆற்றிய தேநீர் மூன்றும் அதில் உண்டு. பட்டியலில் ஏறியது தட்டில் இருப்பது மட்டும்தானா, பக்கத்தில் இருப்பவர் எதைச் சாப்பிடமாட்டார் என்று தெரிந்து வைத்திருப்பதும்தானா என்று யோசித்துக்கொண்டே தேநீரைக் குடித்தேன். எனக்கு இரண்டாவதுதான் பெரிதாகத் தெரிகிறது.

அம்மா பிறந்ததிலிருந்து சைவம். சம்பலில் நெத்திலி என்று தெரிந்ததும் தட்டை என் பக்கம் தள்ளிவிட்டார். இந்தப் பயணம் அவருக்குச் சுலபமாக இருக்காது. ஆனாலும் “நீ சாப்பிட்டு ருசியைச் சொல், நான் முகர்ந்து பார்த்துக்கொள்கிறேன்” என்று சொல்லித்தான் புறப்பட்டு வந்திருக்கிறார். நாற்பது வருடம் சமைத்தவர். மூக்கு தவறாது.

இரண்டாம் நாள், மலாக்கா

தென் ஒருங்கிணைந்த பஸ் முனையத்திலிருந்து இரண்டு மணி நேரம். வழியெல்லாம் செம்பனைத் தோட்டம். சொல்ல வேறொன்றும் இல்லை.

மலாக்காவை 1511இல் போர்த்துகீசியர் பிடித்தார்கள். 1641இல் டச்சுக்காரர்கள், 1824இல் ஆங்கிலேயர்கள். அதற்கு முன்னால் நூறு ஆண்டுக்கு மேல் சுல்தான்களின் துறைமுகம். பருவக்காற்றுக்குக் காத்துக்கிடந்த கப்பல்களின் ஊர் இது. ஒரு காற்றில் வந்தவர் திரும்பிப் போக அடுத்த காற்றுக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். மாதக்கணக்கில் இருந்தவர்களில் சிலர் இங்கேயே குடும்பம் அமைத்துக்கொண்டார்கள். சீன வணிகர்களுக்கும் இந்தக் கரையின் பெண்களுக்கும் பிறந்த வழியினர் பெரனக்கான் எனப்பட்டார்கள். ‘அனாக்’ என்றால் மலாயில் பிள்ளை. இந்த மண்ணில் பிறந்த பிள்ளை என்று பொருள். ஆண்கள் பாபா, பெண்கள் நியோன்யா.

விடுதிக்காரர் ஏற்பாட்டில் ஒரு நியோன்யா மூதாட்டியின் சமையலறைக்குப் போனோம். வயது எண்பதை நெருங்கும். “பீபிக் என்று கூப்பிடுங்கள்” என்றார். வயதில் மூத்த நியோன்யாவை அப்படித்தான் அழைப்பார்கள். தரையில் கனத்த கருங்கல் இடிகல். பத்து லெசுங் என்கிறார்கள். பக்கத்தில் ஒரு தட்டு நிறையச் சாமான்கள்.

அம்மா ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்தார். எலுமிச்சைப்புல். பச்சை மஞ்சள். அடுத்த கிழங்கை மூக்கருகே கொண்டுபோனவர் சட்டென்று என்னைப் பார்த்தார். “இது பேரரத்தை! நாட்டு மருந்துக் கடையில் இருமலுக்கு வாங்குவோமே!” நம் வீட்டில் கஷாயத்தில் போகிற சரக்கு இங்கே தினமும் கறியில் போகிறது. மருந்தும் சமையலும் எந்த இடத்தில் பிரிகின்றன என்பதை ஊர்தான் முடிவு செய்கிறது போலிருக்கிறது.

இடிப்பதில் வரிசை உண்டு. நார் உள்ளவை முதலில்: எலுமிச்சைப்புல், பேரரத்தை. பிறகு மஞ்சள், ஊறவைத்த மிளகாய். அதன்பின் புவா கெராஸ் என்ற எண்ணெய்க் கொட்டை. நீர் விடும் சின்ன வெங்காயம் கடைசிக்கு முன். முடிவில்தான் பெலாச்சான், அதாவது புளிக்கவைத்து உலர்த்திய இறால் பொடிக் கட்டி. வெங்காயத்தை முன்னால் போட்டால் குழவி வழுக்கும், விழுது கண்ணில் தெறிக்கும், நார் நாராகவே நிற்கும். பீபிக் குழவியைத் தூக்கிப் போடவில்லை. அதன் கனத்தில் தானாக விழவிட்டார். டொக், டொக், பிறகு சின்னதாக ஒரு சுழற்று. அந்தக் காலத்தில் பெண் பார்க்க வருபவர்கள் வாசலில் நின்று இந்தச் சத்தத்தைக் கேட்பார்களாம். தாளம் சீராக இருந்தால் கைதேர்ந்தவள் என்று கணக்கு.

எவ்வளவு மிளகாய், எவ்வளவு வெங்காயம் என்று நான் குறிப்பேட்டைத் திறந்தேன். “அகாக்-அகாக்” என்றார். உத்தேசமாக என்று பொருள். அம்மா மொழிபெயர்ப்புக்குக் காத்திருக்கவில்லை. “கண்ணளவுதானே” என்று தலையாட்டினார்.

பெலாச்சானை எடுக்கும்போது பீபிக்கின் கை நின்றது. அம்மா அதைச் சாப்பிடமாட்டார் என்பதை எப்படிச் சொல்வது என்று நான் தயங்கிக்கொண்டிருந்தேன். அவரே கேட்டார்: “உங்கள் அம்மா சைவமா?” பிறகு விழுதை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு இறாலுக்குப் பதில் தவுச்சு, அதாவது புளிக்கவைத்த சோயாக் கடலை, ஒரு கரண்டி சேர்த்தார். சீனச் சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் தன் தாயார் சைவம் மட்டுமே சாப்பிடுவார் என்றும், அந்த நாட்களின் விழுது இதுதான் என்றும் சொன்னார். “அமாவாசையும் பௌர்ணமியும்” என்றார் அம்மா. அமாவாசையை ஒட்டியே அவர்கள் மாதம் தொடங்குகிறது. பதினைந்து முழுநிலவு. இன்னும் நான்கு நாளில் பதினைந்து வருகிறது என்று சுவரில் தொங்கிய நாட்காட்டியைக் காட்டினார் பீபிக். இரண்டு கிழவிகளும் அந்த நாட்காட்டியின் முன்னால் நின்று ஒருவர் விரதத்தை ஒருவர் விசாரித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் நான் ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் ஓடிக்கொண்டிருந்தேன்.

எனக்கு ஆயாம் பொங்தே கிடைத்தது: கோழி, உருளைக்கிழங்கு, தவுச்சு, தென்னங்கருப்பட்டி. உப்பும் இனிப்பும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நின்றன. அம்மாவுக்குக் கோழி இல்லாமல் காளானும் உருளையும்.

விடைபெறும்போது பீபிக் ஒரு கறுப்புக் கொட்டையை என் கையில் வைத்தார். புவா கெலுவாக். பறித்தவுடன் விஷம், சயனைடு உள்ள விதை. வேகவைத்து, சாம்பலில் புதைத்து ஏறத்தாழ நாற்பது நாள் வைத்து, மறுபடி நாள்கணக்கில் தண்ணீரில் ஊறவிட்ட பிறகுதான் அது உணவு. உள்ளிருக்கும் கறுப்பு விழுதைப் பெரனக்கான் குடும்பங்கள் பெரிய பண்டமாக மதிக்கின்றன. இந்தக் கொட்டை அறையில் என் மேசைமேல் இருக்கிறது. சீனக் கப்பலில் வந்தவருக்கு இதைத் தின்னலாம் என்று தெரிந்திருக்க வழியே இல்லை. சொல்லிக்கொடுத்தவள் இந்தக் கரையின் பெண். அவள் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

ஃப்யூஷன் என்று இன்று விற்கிறவற்றில் நல்லவையும் உண்டு. ஆனால் ஒரு சமையல்காரர் இரண்டு நாட்டுச் சாமான்களை ஒரு மாலையில் ஒரு தட்டில் சேர்ப்பதற்கும், விஷக்கொட்டையை எப்படி உணவாக்குவது என்று ஒருத்தி தன் அந்நியக் கணவனுக்குப் பிறந்த மகளுக்குக் கற்றுக்கொடுப்பதற்கும் ஒரே சொல்லைப் பயன்படுத்த எனக்கு மனம் வரவில்லை.

மூன்றாம் நாள், மலாக்கா

காலையில் துக்காங் எமாஸ் தெரு. பொய்யாத விநாயகர் கோயில் 1781இல் கட்டியது. சில அடி தள்ளிக் கம்போங் கிளிங் பள்ளிவாசல், 1748. அதன் மினாரா சீனக் கோபுரம்போல அடுக்கடுக்காக ஏறுகிறது. இன்னும் கொஞ்சம் நடந்தால் பதினேழாம் நூற்றாண்டின் செங் ஹூன் தெங் சீனக் கோயில். மூன்றையும் படம் எடுத்துக்கொண்டோம். நாங்கள் போக விரும்பிய இடம் வேறு.

காஜா பெராங்கில் கம்போங் செட்டி. சுல்தான்கள் காலத்தில் சோழமண்டலக் கரையிலிருந்து வணிகத்துக்கு வந்த தமிழர்கள், மலாய், ஜாவா, பத்தாக், சீனப் பெண்களை மணந்து இங்கேயே தங்கினார்கள். அவர்களுடைய வழியினர் மலாக்கா செட்டிகள். நூற்றாண்டுகளாகச் சைவ சமயத்தவர்கள். பெயருக்குப் பின்னால் பிள்ளை, நாயக்கர், படையாச்சி என்று இருக்கும். பெண்களின் உடை கெபாயாவும் சாரோங்கும். வீட்டுமொழி மலாய். பெரும்பாலோருக்குத் தமிழ் பேசத் தெரியாது.

ஒரு வீட்டில் எழுபது வயதுத் தாய் ஒருவர் எங்களை வரவேற்றார். வாசலில் மாவிலைத் தோரணம். உள்ளே சாமி அலமாரியில் முருகன், மாரியம்மன், மறைந்த பெரியவர்களின் படங்கள். நெற்றியில் விபூதிக் கீற்று. அம்மா முகம் மலர்ந்து தமிழில் பேசத் தொடங்கினார். அந்தத் தாய் சிரித்தபடி கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு மெதுவாக ஆங்கிலத்தில் என்னிடம், “எனக்குப் புரியவில்லை, ஆனால் கேட்க நன்றாக இருக்கிறது” என்றார். அம்மாவின் முகம் விழுந்துவிட்டது. எனக்கும் நெஞ்சில் ஏதோ அடைத்தது. நம் சாமி, நம் விபூதி, நம் பெயர். மொழி மட்டும் இல்லை.

போகியன்று இவர்கள் வீட்டில் ‘பர்ச்சு’. முன்னோருக்கு வாழையிலையில் படையல். அந்தச் சொல் என் காதில் ‘படைச்சு’ என்றே விழுந்தது. இலையில் என்ன வைப்பீர்கள் என்று கேட்டேன். நீராவியில் வேகவைத்த நாசி லெமாக், மீன் பிண்டாங், கோழிக் கறி, பலகாரம், பழம். அப்பாவுக்குப் பால் கலக்காத காப்பி பிடிக்கும், அதுவும் ஒரு கோப்பை. தூபம் காட்டிக் கதவைச் சாத்திவிட்டு வெளியே காத்திருப்பார்களாம். சாப்பிட வருகிறவர்களுக்கு இடைஞ்சல் ஆகக்கூடாது அல்லவா.

பக்கத்தில் முத்துமாரியம்மன் கோயில், 1822ஆம் ஆண்டினது. அம்மன் திருவிழாவை இங்கே ‘டத்தோ சாச்சார்’ என்கிறார்கள். சாச்சார் என்றால் மலாயில் அம்மை நோய். அதைச் சொன்னதும் அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். அம்மைக்கு மாரியம்மன் என்கிற நம்பிக்கை அப்படியே கடல் தாண்டி மலாய்ப் பெயரைப் பூண்டுகொண்டு உட்கார்ந்திருக்கிறது.

தட்டில் ஒண்டே-ஒண்டே வந்தது. பாண்டான் இலைச் சாற்றில் பச்சையான உருண்டைகள், மேலே துருவிய தேங்காய். எடுத்ததும் கடித்துவிடாதீர்கள், முழுதாக வாயில் போடுங்கள் என்று கையால் காட்டினார். பசையரிசி மாவின் மெல்லிய தோல் பல்லில் பட்டதும் உடைந்து, உள்ளே உருகிக் கிடந்த தென்னங்கருப்பட்டிப் பாகு நாக்கெங்கும் ஓடியது. அம்மா கண்ணை மூடிக்கொண்டார். “கொழுக்கட்டைதான். பூரணத்தைப் பாகாக்கி உள்ளே விட்டிருக்கிறார்கள்” என்றார். இன்னொன்று எடுத்துக்கொண்டார்.

கிளம்பும் நேரம் அம்மா கேட்டே விட்டார். நான்தான் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. தயங்கித் தயங்கிச் சொன்னேன். “இத்தனையும் காப்பாற்றினீர்கள். தாய்மொழியை விட்டுவிட்டீர்களே, வருத்தமாக இல்லையா?”

அவர் கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: “தமிழ் எங்கள் தாத்தாவின் மொழி. எங்கள் பாட்டி இந்த ஊர்க்காரி. என்னைப் போன்றவர்களுக்குத் தாய்மொழி எது என்று நீங்களே சொல்லுங்கள்.”

அம்மாவிடம் பதில் இல்லை, என்னிடமும் இல்லை. கப்பலில் வந்தவர்கள் ஆண்கள். சாமியையும் பெயரையும் அவர்கள் கொண்டுவந்தார்கள். அடுப்பு அவளுடையது, தாலாட்டு அவளுடையது. குழந்தை முதலில் கேட்ட சொல்லும் முதலில் ருசித்த சோறும் ஒரே ஆளிடமிருந்து வந்தவை. தமிழ் இங்கே தொலைந்துபோனது என்று மட்டுமே இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இன்னொரு பெண்ணின் மொழி இங்கே நிலைத்தது என்று ஒருமுறைகூட எனக்குத் தோன்றியதில்லை. தமிழ் இல்லாதது எனக்கு இன்னமும் வலிக்கிறது. அந்த வலியை அவர் மேல் சுமத்த எனக்கு உரிமை இல்லை என்பது மட்டும் இன்று தெரிந்தது.

நான்காம் நாள், மலாக்கா

உஜோங் பாசிரில் போர்த்துகீசியக் குடியிருப்பு. கடலோரத்தில் 28 ஏக்கர், 1930களில் ஏற்படுத்தியது. போர்த்துகீசியத் தளபதி அல்புகெர்க்கி மலாக்காவைப் பிடித்த பிறகு வந்த போர்த்துகீசியர்களுக்கும் இங்கத்திய பெண்களுக்கும் பிறந்த வழியினர் கிரிஸ்தாங் மக்கள். பலர் மீனவர்கள். அவர்களுடைய மொழிக்கும் அதே பெயர். போர்த்துகீசியச் சொற்கள், மலாய்க்கு நெருங்கிய இலக்கணம்.

மதியம் கரி டெபால். பேய்க் கறி என்று விளங்கிக்கொள்கிறார்கள், காரம் அப்படி. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் மிச்சம் மீதி இறைச்சியையெல்லாம் போட்டுச் சமைப்பது வழக்கம். பேரரத்தை, எண்ணெய்க் கொட்டை, மிளகாய், கடுகு, கடைசியில் தாராளமாகக் காடி, அதாவது வினிகர். இறைச்சியைக் காடியில் ஊறவைப்பது போர்த்துகீசியக் கப்பல்களின் பழக்கம். கோவாவின் விண்டாலுவும் அதிலிருந்து பிறந்ததுதான். அல்புகெர்க்கி கோவாவைப் பிடித்தது 1510, இங்கே வந்தது 1511. எண்ணெயில் கடுகு வெடிக்கும் வாசனை அடுப்படியிலிருந்து வந்ததும் அம்மா எட்டிப் பார்த்தார். மற்றதெல்லாம் அவருக்கு அந்நியம். கடுகு மட்டும் தெரிந்த முகம்.

மிளகாயைப் பற்றி இங்கே சொல்லாமல் இருக்க முடியாது. அமெரிக்கக் கண்டத்துப் பயிர் அது. போர்த்துகீசியர் கப்பலில்தான் ஆசியாவுக்கு வந்தது. அதற்கு முன் நம் காரம் மிளகு. புதிதாக வந்த காயை மிளகுபோல் உறைக்கும் காய் என்று பெயரிட்டு நம்முடையதாக்கிக்கொண்டோம். மிளகாய் இல்லாத தமிழ்ச் சமையல் இன்று யாருக்கும் கற்பனையில்கூட வராது. எது நம் மரபு, எது கலப்பு என்று சண்டை போடும்போதெல்லாம் இந்த ஒரு சொல்லை நான் நினைத்துக்கொள்வேன்.

ஆனால் இதை இனிப்பாக மட்டும் எழுதிவிட மனம் ஒப்பவில்லை. இங்கே வந்தவர்கள் பீரங்கியோடு வந்தார்கள். தன் ஆட்கள் உள்ளூர்ப் பெண்களை மணப்பதை அல்புகெர்க்கி கோவாவில் ஊக்குவித்தது அரசியல் கணக்கு. டச்சுக்காரர் கால மலாக்காவில் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட பெண்களும் இருந்தார்கள். இந்தக் குழம்பைக் கலக்கிய கைகளில் எத்தனை கைகள் விரும்பிக் கலக்கின என்பதை யாராலும் சொல்ல முடியாது. சட்டியில் ருசி மட்டும் மிஞ்சியிருக்கிறது. கரி டெபாலை நான் மிகவும் ரசித்தேன். அதைச் சாப்பிடும்போது இதையும் நினைத்தேன்.

சாப்பாட்டுக்குப் பின் சுகி கேக். ‘சுகி’ நம் ரவைதான். அந்த வீட்டுக்கார அம்மாள் எங்கள் முன்னிலையிலேயே ரவையை வெண்ணெயில் ஊறவைத்துக் காட்டினார். முட்டை இருப்பதால் அம்மா தொடவில்லை. பக்குவத்தை மட்டும் இரண்டு முறை கேட்டுக்கொண்டார்.

ஐந்தாம் நாள், பஸ்ஸில்

மலாக்காவிலிருந்து பட்டர்வொர்த் வரை கிட்டத்தட்ட நாள் முழுக்க. அம்மா பெயர்ப்பலகைகளைப் படிக்கும் விளையாட்டைத் தொடங்கினார். கெடாய், கடை. காப்பால், கப்பல். பெத்தி, பெட்டி. காத்தில், கட்டில். அபாம், ஆப்பம். கெத்தும்பார் என்றால் கொத்துமல்லி. மேஜா, அல்மாரி, ஜெண்டேலா எல்லாம் போர்த்துகீசியர் நமக்கும் இவர்களுக்கும் சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போன மேசை, அலமாரி, ஜன்னல். மங்குஸ்தானும் ரம்புட்டானும் நாம் மலாயிலிருந்து வாங்கிக்கொண்டவை. இங்குள்ள தமிழர்கள் ரிங்கிட்டை வெள்ளி என்கிறார்கள். ஊரில் காசுக்கு நாம் சொல்லாத சொல் இங்கே தினமும் கைமாறுகிறது.

இரவு படகில் கடலைத் தாண்டிப் பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுன். களைப்பு. நாளை எழுதுகிறேன்.

ஆறாம் நாள், பினாங்கு

இந்த நகரம் 1786இல் தொடங்கியது. மஸ்ஜித் கப்பித்தான் கெலிங் தெருவிலும் அதை ஒட்டியும் புனித ஜார்ஜ் தேவாலயம், சீனர்களின் குவான் யின் கோயில், மாரியம்மன் கோயில், தமிழ் முஸ்லிம்கள் 1801இல் அமைத்த பள்ளிவாசல் எல்லாம் நடக்கும் தொலைவில். இந்த ஊரும் மலாக்காவும் 2008இல் சேர்ந்தே உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன.

பெண்களின் அடுப்பில்தான் எல்லாம் கலந்தது என்று மூன்று நாளாக ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன். நாசி கண்டார் கடையில் அந்தக் கணக்கு இடித்தது. கண்டார் என்றால் தோளில் சுமக்கும் காவடித் தண்டு. ஒரு முனையில் சோறு, மறு முனையில் குழம்புகள். தமிழ் முஸ்லிம் ஆண்கள் துறைமுகத் தொழிலாளிகளுக்குச் சுமந்து விற்றது. இங்கே சமைத்தவனும் ஆண், தின்றவனும் ஆண், இரண்டு பேருமே பெரும்பாலும் குடும்பத்தைக் கடலுக்கு அப்பால் விட்டுவந்தவர்கள். வீட்டுச் சமையலின் நினைவும் தெருவில் நிற்பவனின் பசியும் கலந்தது இது.

கடையில் இருந்த பெரியவர் தமிழ் கேட்டதும் நிமிர்ந்தார். “எந்த ஊர் அம்மா?” சொன்னேன். அவருடைய பாட்டனார் கடையநல்லூர். சோற்றின் மேல் மீன் குழம்பு ஒரு கரண்டி, கோழிக் குழம்பு ஒரு கரண்டி, வெண்டைக்காயோடு இன்னொன்று, கடைசியில் கறுப்பு சோயா சாற்றில் வெந்த இறைச்சியின் சாறு. “பஞ்சிர்?” என்றார். வெள்ளம் என்று பொருள். தலையாட்டினேன். சோறு தெரியாத அளவுக்கு ஊற்றினார். நம் ஊரில் குழம்பு, ரசம், மோர் என்று ஒவ்வொன்றுக்கும் முறை உண்டு. அது எல்லாம் இங்கே ஒரே நேரத்தில் உடைகிறது. முதல் கவளத்தில் எனக்குக் குழப்பம்தான். மூன்றாவது கவளத்தில் கறிவேப்பிலையும் சோயாவும் அன்னாசிப்பூவும் சேர்ந்து ஒன்றாகப் பேசின. சோயா எப்போதிலிருந்து என்று கேட்டேன். “பக்கத்துக் கடை சீனருடையது. இல்லாமல் எப்படி அம்மா?” என்றார். இதற்கு மேல் ஒரு விளக்கம் வேண்டியதில்லை என்பதுபோல அடுத்த தட்டுக்குப் போய்விட்டார்.

அந்தக் கடையிலேயே மீ கோரேங்கும் இருந்தது. மீ சீனருடையது, பெயர் மலாய், புரட்டும் கை தமிழ்.

அம்மா இத்தனை நேரமும் தேநீரோடு எதிரே உட்கார்ந்திருந்தார். எனக்குக் குற்ற உணர்ச்சியாக இருந்தது. வெளியே வந்து குவான் யின் கோயில் பக்கம் நடந்தோம். ஊதுபத்திப் புகை தெருவை மறைத்தது. வழக்கத்தை விடக் கூட்டம். அப்போதுதான் பீபிக்கின் நாட்காட்டி நினைவுக்கு வந்தது. இன்று பதினைந்து. பௌர்ணமி.

சந்தில் ஒரு தள்ளுவண்டி. இன்று சைவம் என்று சிவப்புத் துணி கட்டியிருந்தார்கள். விற்பது அசாம் லக்சா. மலாக்காவின் லக்சா தேங்காய்ப்பாலில் மிதக்கும். சயாமுக்குப் பக்கத்திலிருக்கும் பினாங்கில் அதுவே புளிப்பு. ‘அசாம்’ என்றாலே புளி. வழக்கமாக அயிலை மீனை உதிர்த்துப் போட்டுக் காய்ச்சுவார்கள், மேலே இறால் பாகும் ஊற்றுவார்கள். இன்று மீனுக்குப் பதில் காளானும் சோயாத் தோலும், பாகு இல்லை. நான் வண்டிக்காரரிடம் மூன்று முறை கேட்டேன். அவர் பொறுமையாக மூன்று முறையும், “இன்று பதினைந்து, அம்மா சாப்பிடலாம்” என்றார்.

பருத்த அரிசி நூடுல்ஸ். புளிச் சாறு கொதிக்கக் கொதிக்க. மேலே வெள்ளரி, அன்னாசி, புதினா, வெங்காயம். அதற்கும் மேல் இளஞ்சிவப்பாக, பொடிப்பொடியாக நறுக்கிய ஒரு பூ. புங்கா கண்டான், காட்டு இஞ்சியின் மொட்டு. அம்மா கிண்ணத்தை முகத்தருகே கொண்டுபோய் வழக்கம்போல் முகர்ந்தார். கீழே வைக்கவில்லை. ஒரு வாய் குடித்தார்.

“புளிக்குழம்பில் பூவைக் கிள்ளிப் போட்டிருக்கிறார்கள்” என்றார் ஆச்சரியத்தோடு. அதன்பின் கிண்ணம் காலியாகும்வரை பேசவில்லை.

எழுந்துபோய் வண்டிக்காரரிடம் நறுக்காத மொட்டு ஒன்றைக் கைச்சைகையால் கேட்டார். அவர் சிரித்துக்கொண்டே இரண்டு கொடுத்தார். காசு வாங்கவில்லை. நாளை மாலைதான் விமானம். மொட்டுகள் அதுவரை வாடாமல் இருக்க வேண்டும் என்று அம்மா இப்போது ஈரக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டிருக்கிறார்.